ஒன்பது மணிக்கு முன் படலை தாண்டிய ஜீப்

எங்கள் ஜீப் நேர் ரோட்டில் நேராகப் போகாது. உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர் ஓடித் தேய்த்துவிட்டு ஏலத்தில் தள்ளிய வண்டி. நாலைந்து கை மாறி, யாழ்ப்பாணத்தில் கொஞ்சக் காலம் மீன் ஏற்றி, கடைசியில் துணுக்காயில் காடு வெட்டிக் காணியாக்கிக்கொண்டிருந்த எங்களிடம் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து மைல் வேகத்தைத் தாண்டினால் முன்சில்லு இரண்டும் வெடவெடவென்று ஆடத் தொடங்கும். ஸ்ரெயரிங்கைப் பிடித்திருப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிறேக்கை மிதிக்க வேண்டும். வண்டி நின்ற பிறகும் அவனுடைய கை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும்.

ஓட்டுகிறவன் என் மனைவியின் தம்பி. லைசன்ஸ் அவனிடம்தான். எனக்குக் கழற்றிப் பூட்டத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆள் இல்லை. கராஜ் என்றால் வவுனியாவுக்குப் போக வேண்டும், நாற்பது மைல். அந்த வண்டியில் நாற்பது மைல் ஓடத்தான் பயம் என்றால் கராஜுக்கு எப்படிக் கொண்டுபோவது? ஆகவே முற்றத்துப் பாலைமரத்தின் கீழே நானே இறங்கினேன்.

அவசரமும் இருந்தது. என் மனைவி நிறைமாசம். வலி கண்டால் அவளை ஏற்றிப் போக அந்தப் பக்கத்தில் இருந்தது இந்த ஒரு வண்டிதான். நாலு வருசத்துக்கு முன் முதல் பிள்ளைக்கு அவளை மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். பிள்ளை இல்லாமல் திரும்பி வந்தோம். இந்த முறை அவளும் பிள்ளையும் பிழைப்பது இந்தத் தகரத்தின் கையில்தான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருக்கிறதென்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார். மூன்று கிழமை தாராளம் என்று நினைத்தேன்.

சாமான் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்தது. வில்லுத் தகடுகள் ஒரு சோடி, அவற்றின் முனைக்குப் போடும் புஷ்கள், சில்லைத் திருப்புகிற தண்டுக்கு இரண்டு குமிழ் மூட்டு. முன்பக்கத்தை ஜக்கால் தூக்கி முதிரைக் குற்றிகளில் இருத்தினேன். பழைய நட்டுகள் மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறியும் அசைய மாட்டோம் என்று நின்றன. குமிழ் மூட்டைக் கழற்ற ஒரு வழி உண்டு. ஒரு பக்கம் பெரிய சுத்தியலை முட்டுக் கொடுத்து, மறுபக்கம் சின்னதால் அடித்தால் டொக்கென்று விழும் என்பார்கள். எனக்கு விழவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொல்லி அடித்தேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மாமி, என் மனைவியின் தாய், வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கும் காது உண்டு தம்பி என்றார். அதற்குப் பிறகு மனசுக்குள் ஏசிக்கொண்டு அடித்தேன்.

ஒருவழியாக விழுந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே குமிழ் தேய்ந்து கச்சான் கடலைக் கொட்டை அளவில் கிடந்தது. எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. இதை நம்பியா இத்தனை நாள் நெல்லும் ஆட்களும் ஏற்றினோம் என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

புது மூட்டில் நட்டைப் பூட்டினால் மட்டும் போதாது. நட்டின் தலையில் வெட்டுகள் இருக்கும். அவற்றுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கம்பி ஆணியைச் செருகி, அதன் இரண்டு காலையும் மடித்துவிட வேண்டும். ஆணி இல்லாவிட்டால் ரோட்டின் குலுக்கலில் நட்டு தானாகவே சுற்றிக் கழன்றுவிடும். நட்டுக் கழன்றால் தண்டு விழும். தண்டு விழுந்தால் ஒரு சில்லு ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமுமாகப் போகும், ஸ்ரெயரிங் சும்மா சுற்றும். இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் வெட்கம்.

சனிக்கிழமை விடியும்போது வலப்பக்கம் முடிந்திருந்தது. இடப்பக்கச் சில்லு கழன்றபடி கிடந்தது. அவளுக்கு இடுப்பு உளைவு தொடங்கியிருந்தது. ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். மாமி அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முதல் வண்டி வாசல் படலை தாண்ட வேண்டும், தப்பினால் பத்தரைக்குப் பிறகுதான் என்றார். பத்தரை வரைக்கும் வைத்துக்கொண்டிருக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. அப்போது மணி எட்டேகால்.

நல்ல நேரத்தில் படலைக்கு வெளியே போய் நின்றுவிட்டால் சரி, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நின்று ஆயத்தம் செய்தாலும் அது நல்ல நேரத்துப் பயணம்தான் என்பது எங்கள் ஆட்களின் ஒழுங்கு. அதில் நான் ஒரு வழி கண்டேன். நட்டைக் கையால் ஏற்றிச் சில்லைப் பூட்டி, வண்டியை இறக்கிப் படலைக்கு வெளியே விட்டுவிடுவது, இறுக்குவதையும் ஆணி போடுவதையும் அங்கே வைத்துச் செய்வது. மறந்துவிடக் கூடாதென்று ஆணியைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல.

எட்டு ஐம்பதுக்கு மச்சான் வண்டியைப் படலைக்கு வெளியே எடுத்தான். மாமி கற்பூரம் கொளுத்தி, முன்சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஸ்பனரை எடுக்கத் திரும்புகிறேன், அவள் படலைக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். மெத்தை, உடுப்புப் பெட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல். முன்னுக்கு அவள், பின்னுக்கு மாமி. நான் மாடுகளை அயல்வீட்டில் ஒப்படைத்துவிட்டு, சைக்கிளில் மாங்குளம் போய் பஸ் பிடிப்பதென்று பேச்சு. புதுச் சாமான், பத்து மைலுக்கு மேல் மிதிக்காதே என்று மச்சானுக்குப் புத்தி சொல்லி அனுப்பினேன்.

ஜீப் வளைவுக்குப் போயிருக்கும். நெற்றியைத் துடைக்கச் சேட்டைத் தூக்கினேன். பைக்குள் கிடந்தது நெஞ்சில் குத்தியது.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வரவில்லை என்பது பொய், நான்தான் விடவில்லை. பயணம் புறப்பட்டவர்களைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. அது எல்லோருக்கும் உள்ள பயம். எனக்கு அது வேறு மாதிரி. முதல் பிள்ளைக்கு வண்டி கட்டிப் புறப்பட்டபோது, தலையணையை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று பின்னால் நின்று கத்தியவன் நான்தான். வண்டி நின்றது, தலையணை ஏறியது, பிள்ளை செத்துப் பிறந்தது. ஒருவரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. மாமி மட்டும் ஒருநாள், வேறு யாரையோ பற்றிக் கதைப்பதுபோல, ஆம்பிளைக்கு வாய் அடக்கம் வேண்டும் என்றார். நாலு வருசமாக அதை நினைக்காமல் நான் படுத்த நாள் இல்லை.

ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். ஒரு கையை உயர்த்தி ஆட்டினேன். பின்னுக்கு இருந்த மாமி என்னைக் கண்டார். கண்டவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜீப் புழுதிக்குள் மறைந்துவிட்டது.

எங்கள் காணியிலிருந்து மாங்குளம் ரோட்டுக்கு ஏறக் குளக்கட்டால் போக வேண்டும். கட்டு வளைந்து வளைந்து ஒன்றரை மைல் போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் இரண்டாள் உயர இறக்கம். அறுவடை முடிந்த வயலுக்குள் குறுக்கே விழுந்தால் முக்கால் மைலில் கட்டின் மறுமுனை. ஸ்பனரை இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். வெடித்துக் கிடந்த வயலில் சைக்கிள் இருபது யார் போகவில்லை, என்னைத் தூக்கி எறிந்தது. அதை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலுடன் ஓடினேன். வெட்டின அடிக்கட்டைகள் காலைக் கிழித்தன.

கட்டின் மேல் ஜீப் தெரிந்தது. நான் சொன்னபடி மெல்லத்தான் போனது. குழி வந்து அதன் முன்பக்கம் தாழும்போதெல்லாம் நிமிர்கிறதா என்று பார்த்தபடி ஓடினேன். இப்போது கழன்றால் தண்ணீர்ப் பக்கம் போகுமா, வயல் பக்கம் போகுமா என்று யோசித்தேன். இரண்டில் எது பரவாயில்லை என்றும் யோசித்தேன். கட்டின பெண்சாதிக்கு ஒருவன் யோசிக்கிற யோசனையா அது? அம்மாளாச்சி, கட்டு முடியும் மட்டும் தாங்கு தாயே என்று வாய்க்குள்ளே அழுதேன். அப்போதும் கத்தியிருக்கலாம். காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது, நிச்சயம் கேட்டிருக்கும். ஆனால் நான் இன்னும் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றேன். முன்னால் போய் மறித்தால் குற்றமில்லை, அதுவரை வாய் திறப்பதில்லை. நட்டு ஏன் கழலும் என்று விளக்கம் சொல்லத் தெரிந்த மனிதன் இப்படித்தான் ஓடினேன்.

கட்டு இறங்குகிற இடத்தில் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். ஸ்ரெயரிங்கை நம்ப முடியாத வண்டிக்கு முன்னால் நிற்கிறேன் என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது. ஜீப் இறக்கத்தில் நேரே என்னிடம் வந்தது. மச்சான் பிறேக்கை மிதித்தான். வண்டி இடப்பக்கம் இழுத்து, என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஜீப்பின் கீழே புகுந்தேன். நட்டு கடைசிப் புரியில் நின்றது. விரல் பட்டதும் சுற்றியது. இன்னொரு குழி, அவ்வளவுதான். ஸ்பனர் மூன்று தரம் வழுக்கியது. மாமியும் மச்சானும் இறங்கி மற்றப் பக்கம் நின்றார்கள். அவள் இறங்கவில்லை. அவளுடைய பாதம் இரண்டும் என் தலைக்குப் பக்கத்தில் தெரிந்தன.

ஆணி போட மறந்துவிட்டேன் என்று கீழே கிடந்தபடியே சொன்னேன்.

அவளுடைய பாதம் என் பக்கம் திரும்பியது. பிறகு, "நீங்கள் பின்னாலை ஓடி வாறியள் எண்டு அம்மா சொன்னவா. திரும்பிப் பாக்காதை எண்டும் சொன்னவா. ஏன் ஒரு சத்தம் போடேல்லை?" என்றாள்.

"முதல் பிள்ளைக்கு நான் சத்தம் போட்டுத்தானே," என்றேன். திரும்பவும் நட்டில் ஸ்பனரைப் போட்டேன்.

தாய்க்குக் கேட்காதபடி அவள் குனிந்தாள். "அது நீங்கள் கூப்பிட்டதாலை இல்லை. அதுக்கு ரெண்டு நாளைக்கு முதலே பிள்ளை துடிக்கேல்லை. பயத்திலை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபம்தான் வந்தது. நாலு வருசம் என்னை இந்தப் பழியோடு கிடக்க விட்டாளே என்று ஸ்பனரை இறுகப் பிடித்தேன். அந்தக் கோபம் நட்டு இறுகி முடிகிற வரைக்கும்தான் நின்றது. நாலு வருசம் சொல்லாததை இன்றைக்கு ஏன் சொல்கிறாள் என்று யோசித்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆணியைச் செருகி, காலிரண்டையும் மடித்தேன். மடித்து முடியும் மட்டும் கேட்கப் பயந்து கிடந்தேன்.

"இப்ப?"

"விடிஞ்சதிலையிருந்து துடிப்புக் குறைவாத்தான் கிடக்கு."

வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் நெருக்கி ஏறினேன். மெல்லப் போகச் சொன்ன நானே மச்சானிடம், "அமத்து. ஏலுமான மட்டும் அமத்து," என்றேன்.

மாங்குளம் தாண்டி வவுனியா ரோட்டில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. அந்த வண்டியை நாங்கள் ஒருநாளும் அந்த வேகத்தில் ஓட்டியதில்லை. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, மச்சானின் கையைத்தான் பார்த்தேன். அது ஆடவில்லை. ஆனாலும் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். வலப்பக்கம் ஆணி போட்டேனா? போட்டேன். மடித்தேனா? மடித்தேன். எப்போது மடித்தேன்? இப்படியே இருபத்தெட்டு மைல். மாமிக்கு முன்னால் அவளுடைய வயிற்றில் கையை வைத்தேன். மாமி பார்த்தும் பாராமல் இருந்தார். ஒரு தரம் உள்ளே அசைந்தது. அது பிள்ளையா, ரோட்டின் குழியா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். விறாந்தையில் மாமி கண்ணை மூடித் தேவாரம் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரு வரியும் வாயில் வரவில்லை.

அந்தக் காலத்தில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்வதில்லை. இஞ்சருங்கோ, உங்களைத்தான், அவ்வளவுதான். கலியாணம் முடித்து ஏழு வருசத்தில் என் பெயர் அவள் வாயில் வந்து நான் கேட்டதே கிடையாது. கதவுக்கு உள்ளேயிருந்து அது கேட்டது. பெரிய குரலில், முழுப் பெயரும், திரும்பத் திரும்ப. யாரோ அவளை அதட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை.

மாமி தேவாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கதவில் இரண்டு கையையும் ஊன்றி, "இஞ்சைதான் நிக்கிறன்," என்று கத்தினேன். பிறகு உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. அவளும் கூப்பிடவில்லை, பிள்ளையும் அழவில்லை. போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை, தொண்டை கட்டக் கட்டக் கத்திக்கொண்டே நின்றேன். பிள்ளை அழுதது அதற்குப் பிறகுதான்.