ராசேந்திரன் காசு

தொலைந்ததைத் தேடித் தரும் தொழிலில் முதலில் தொலைவது தேடுகிறவனின் மரியாதை. அடுத்தவர் இடத்தில் ஒரு மிஷினோடு போய் நின்று பிழைக்கிற போர்வெல்காரர், டிவி மெக்கானிக் எல்லோருக்கும் இது தெரியும். எங்களுடையது மெட்டல் டிடெக்டர். லெப்பைக்குடிகாட்டு நண்பன் சாகுலுக்கு அவனுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, துபாயிலிருந்து கொண்டுவந்தது. வயலில் தோடு, மூக்குத்தி தொலைத்தவர்கள் கூப்பிடுவார்கள். பேசுவது சாகுல். என் குரல் எடுபடாது என்பதால் ஹெட்போன் எனக்கு.

பூலாம்பாடி ஜிமிக்கி

வெங்காயம் எடுத்து முடித்த காட்டில் ஒரு அம்மாவின் ஜிமிக்கி விழுந்துவிட்டது. எங்க தாத்தா சொன்ன கதைகளில் புதையலைப் பூதம் காக்கும். நிஜத்தில் சோடா மூடிதான் காக்கிறது. மிஷின் கத்திய இடமெல்லாம் கொத்தினோம். மூடி, ஆணி, லாடம், மறுபடி மூடி. கடைசியில் ஜிமிக்கி அந்த அம்மாவின் முந்தானை மடிப்பிலிருந்தே உதிர்ந்தது. அவர் வெட்கப்பட, நாங்கள் மிஷினை மடக்க, அதுவரை வரப்பில் உட்கார்ந்து பார்த்த காட்டுக்காரர் எழுந்து வந்து சொன்னார்: "அந்த மூலைய விட்டுட்டீங்களே தம்பி, அதையும் கொத்திவிட்டுட்டுப் போங்க."

சாந்தி அக்காவின் மெட்டி

அடுத்தது தா.பழூர் பக்கம், ராசேந்திரன் அண்ணன் வயல். சேற்றைச் சமப்படுத்தும்போது அவர் மனைவி சாந்தி அக்காவின் மெட்டி கழன்றுவிட்டது. பறித்த நாற்று கட்டுக் கட்டாக வரப்பில் கிடக்கிறது. நடவுப் பெண்களும் வந்தாயிற்று. இன்று நடாவிட்டால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், நாற்று வீணாகிவிடும். அதற்குள் மெட்டியை எடுக்க வேண்டும்.

மிஷின் குயில் மாதிரி கூவியது. சேற்றுக்குள் கைவிட்டேன். வந்தது கறுத்த காசு ஒன்று. சாகுல் குதித்தான், பக்கத்து வயல் பங்காளி செல்வராசு ஓடி வந்தார், நடவுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சாந்தி அக்கா மட்டும் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. கால் வெரல்ல மாட்ட முடியாதே தம்பி."

புளியும் புலியும்

எந்தக் காலத்துக் காசு என்று கேட்க, அரியலூரில் செல்போன் கடை வைத்துக்கொண்டு பழங்காசு சேர்க்கும் கணேசன் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டோம். எதையும் போட்டுத் தேய்க்காதீங்க என்று அவர் சொல்லும்போதே, ராசேந்திரன் அண்ணனின் அம்மா வீட்டுக்குப் போய்த் தேய்த்துக் கழுவி எடுத்து வந்துவிட்டார். வீடு வயலை ஒட்டித்தான்.

புலி இருக்கா என்று கேட்டார் கணேசன் அண்ணன். அம்மா போனுக்குள் எட்டிப் பார்த்து, நம்ம மரத்துப் புளிதாங்க, கொட்டை எடுத்தது என்றார். அவர், காசுல புலி இருக்கான்னு கேக்குறேன் என்றார். காசுலதாங்க போட்டுத் தேச்சேன் என்றார் அம்மா. சாகுல் சிரித்த சிரிப்பில் வரப்பு வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான்.

நான் காசைக் காட்டினேன். உட்கார்ந்த புலி, பக்கத்தில் மீன், நாகரி எழுத்து. கணேசன் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். சோழர் காசு, ராசேந்திரன் காசு, வி.ஏ.ஓ.விடம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள் என்றார். பிறகு ஒரு பெருமூச்சு. "புளி போட்டது போட்டீங்க, அப்படியே ஒரு ரசமும் வெச்சிருங்க."

வி.ஏ.ஓ. தீர்ப்பு

கங்கைகொண்ட சோழபுரம் எட்டும் தூரத்தில் இருக்கிற ஊரில் தெருவுக்குத் தெரு ராசேந்திரன். இந்த ராசேந்திரனோ, நம்ம காசுதான் என்று தலையாட்டினார். செல்வராசு விடவில்லை. இது புதையல், அதிகாரி சொல்லாமல் யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது என்று வரப்பில் குடையை விரித்து ஊன்றிவிட்டார். நடவுப் பெண்கள் தயங்கி நின்றார்கள். வெயில் ஏற ஏற நாற்றின் நுனி தொங்கியது. ராசேந்திரன் அண்ணன் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல் நானே வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

அவர் பஸ்ஸில் இருந்தார். என் குரலில் பாதி ஹாரனில் போயிற்று. யாரு காசு என்றார். ராசேந்திரன் காசுங்க என்றேன். யாரு வயல் என்றார். ராசேந்திரன் வயலுங்க என்றேன். சோழன் என்று சேர்க்க வாயெடுப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: "அவன் காசு அவன் வயல்ல கெடந்தா அவன்கிட்டயே குடுத்துட்டு, நடவப் பாக்கச் சொல்லுய்யா."

மறுபடி மெட்டி

செல்வராசு குடையை மடக்கினார். நடவுப் பெண்களின் குலவை கிளம்பியது. நான் திரும்பப் போட்ட போனில் வி.ஏ.ஓ.வுக்கு அந்தக் குலவை மட்டும்தான் கேட்டதாம். காசைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் சாயங்காலம் அவரே வந்தார். காசைக் கொடுத்தோம். புலியைப் பார்த்தார், நட்டு முடித்த வயலைப் பார்த்தார், இனிமேல் முதல் வார்த்தையாகச் சோழன் என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு போட்டுவிட்டுச் சிரித்தார்.

மெட்டி கிடைக்கவே இல்லை. பயிருக்குள் இனி இறங்க முடியாது, அறுப்பு முடிந்து வருகிறோம் என்று சாகுல் தலையைச் சொறிந்தான். சாந்தி அக்கா சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கெடக்கட்டும் வுடுங்க. ஆயிரம் வருசம் கழிச்சு எவனாச்சும் தோண்டி எடுத்து, இது சாந்தி மெட்டின்னு சொல்லட்டும்."

இந்தத் தொழிலில் கேட்டது கிடைப்பதில்லை, கிடைத்ததை யாரும் கேட்டிருப்பதில்லை.