அறுபதைத் தாண்டாத கார்

1. அறுபத்தஞ்சு

"தம்பி, தப்பு நடந்துடுச்சு. அறுபத்தஞ்சு போயிட்டேன்."

கவுண்டருக்கு முன்னால் வியர்த்து நின்றவர் ராஜகோபால். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ரிட்டையர் ஆனவர், மனைவி இறந்து தனியாக இருந்தவர். மராத்தி பேசும் நகரம் ஒன்றில், ஔந்த் என்ற பகுதியில் ஒரு கார் டீலரிடம் நான் சர்வீஸ் அட்வைசர். தொண்ணூறுகளின் கடைசி அது. புது வண்டியின் பின் கண்ணாடியில் 'ரன்-இன்' ஸ்டிக்கர் ஒட்டி, முதல் ஆயிரம் கிலோமீட்டர் அறுபதைத் தாண்டாதீர்கள் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்போம்.

"பதறாதீங்க சார். அஞ்சு கூடப் போனதுக்கெல்லாம் எஞ்சின் கோவிச்சுக்காதுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கும் மனசு லேசானது. பொள்ளாச்சியிலிருந்து வந்து அதே ஊரில் போசரி பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பகலெல்லாம் இந்தி, மராத்தி. அறைக்குத் திரும்பினால் பேச ஆளே கிடையாது. தனிமை என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். ஒரு நாள் ஹார்ன் சத்தம் மாறிவிட்டது என்பார், ஒரு நாள் கதவு கிறீச்சிடுகிறது என்பார். பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆளுக்கு ஒரு கட்டிங் சாய், அதாவது அரை டம்ளர் டீ, குடித்துவிட்டுப் போவார். "துஜே காகா ஆலே" என்பான் மெக்கானிக் ஷிண்டே. உன் சித்தப்பா வந்துட்டார் என்று கிண்டல்.

2. மூடியில் வெள்ளை

ஒரு வருடம் கழித்து முதல் சர்வீசுக்கு வண்டி வந்தது. ஓடியது அறுநூறு கிலோமீட்டர்கூட இல்லை. காய்கறி மண்டிக்கும் கோயிலுக்கும் எங்கள் ஒர்க்ஷாப்புக்கும் மட்டும், அதுவும் நாற்பதில். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பசை. எஞ்சின் ஒருநாளும் முழுசாகச் சூடாகவில்லை என்று அர்த்தம். அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயிலும் இறங்கியிருந்தது.

ஸ்டெப்னி பார்க்க டிக்கியைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது.

"பேத்திக்கு" என்றார். "பெங்களூர்ல இருக்கா. பொண்ணு அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. நான் போகலை. குழந்தைக்கு ரெண்டு வயசு முடிஞ்சதும் அவளே போன் பண்ணினா, வாங்கப்பான்னு. அதுக்குத்தான் காரே வாங்கினேன். ரன்-இன் முடியட்டும், கிளம்பிடலாம்."

"பஸ்ல போயிருக்கலாமே சார்?"

"பஸ்ல போனா, மாப்பிள்ளை முகம் கொடுக்கலைன்னா உடனே திரும்ப முடியாது பாரு."

இந்த வேகத்தில் ரன்-இன் முடிய இன்னும் எட்டு மாதமாவது ஆகும். முடிந்தால் இவர் போய்விடுவார், சனிக்கிழமை எனக்கு யாரும் இருக்கமாட்டார்கள். அது உறைத்தது. இருந்தாலும் வாய் தொழிலைத்தான் பேசியது.

"சார், சிலிண்டர் சுவர்ல ஹோனிங்னு வேணும்னே போட்ட மெல்லிசான கீறல் இருக்குங்க. பிஸ்டன் ரிங் அதுல அழுந்தித் தேய்ஞ்சாத்தான் நல்லா உக்காரும். லோடே குடுக்காம உருட்டினா சுவர் பளபளன்னு ஆயிடும், அப்புறம் ஆயிலைக் குடிக்க ஆரம்பிச்சுரும். நீங்க வண்டியைக் காப்பாத்தலைங்க. கெடுத்துட்டு இருக்கீங்க."

அவர் டிக்கியை மெல்ல மூடினார்.

3. கத்ராஜ் ஏற்றம்

ஆயில் மாற்றிவிட்டு, மறுநாள் காலை அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்ராஜ் மலை ஏறும் சாலைதான் பெங்களூர் சாலை.

"மிதிங்க சார். இப்ப விடுங்க. மறுபடி மிதிங்க."

மூன்றாவது கியரில் எஞ்சின் முக்கி முனகி ஏறியது. இறுக்கிப் பிடித்து ஓட்டியவர், சுரங்கத்தைத் தாண்டியதும் ஸ்டீரிங்கைத் தளர்த்திப் பிடித்தார். டீக்கடை ஓரம் நிறுத்தினார். நாங்கள் வந்த வழியே திரும்ப வேண்டிய இடம் அது.

"தம்பி, நீ இங்கேயே இறங்கிக்கிறியா?"

"ஏன் சார்?"

"திரும்பிட்டேன்னா மறுபடி போகமாட்டேன்."

இறங்கினேன். "ஒரே ஸ்பீட்ல போகாதீங்க சார், ஏத்தி இறக்கிப் போங்க. ராத்திரி ஹூப்ளியில தங்கிக்கங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. கார் கண்ணுக்கு மறைந்தபின் எஸ்.டி. என்னும் அரசு பஸ்ஸைப் பிடித்து வேலைக்குத் திரும்பினேன். சனிக்கிழமை ஷிண்டே இரண்டு சாய் வாங்கிவந்தான். ஒன்றை அவனே குடித்தான்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. "ஆயில் சொட்டுக்கூடக் குறையலை தம்பி. பேத்திக்குத்தான் அந்த சைக்கிள் சின்னதாப் போச்சு. முட்டி இடிக்குது. ஆனாலும் இறங்கமாட்டேங்கறா." அங்கேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னார்.

புது எஞ்சினுக்கு இன்னும் ரன்-இன் வேண்டுமா என்று இன்று சர்வீஸில் சேருகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். ஹோனிங் எவ்வளவோ நேர்த்தியாகிவிட்டது. ஆனாலும் முதல் ஆயிரத்துக்கு விரட்டக் கூடாது, பயந்து பயந்து உருட்டவும் கூடாது. சூடாகட்டும், மேடு ஏறட்டும். இதை இந்தியிலும் மராத்தியிலும் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். தமிழில் சொன்னது அவர் ஒருவருக்குத்தான்.