அக்காவின் காருக்குப் புது ரயர்

எங்கள் அக்கா புளியங்கூடலில் பிறந்தார். அதே வளவில், அதே வீட்டில் கண்ணை மூடினார். இடையில் யுத்தம் அவரை வன்னிக்கும் வவுனியாவுக்கும் துரத்தியது. இரண்டு இடத்திலிருந்தும் திரும்பி வந்தார். தென்பகுதியில் கடை வைத்திருந்த அத்தான் இளவயதிலேயே காலமானார். பிள்ளைகள் இல்லை. வேலணையில் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றார். இவையெல்லாம் உறவினர்கள் அறிந்தவை. அக்கா எப்படிப்பட்டவர் என்று சொல்ல நான்கு ரயர்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்ற பின் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கி, சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தார். "இந்த வயதில ஏன்?" என்று கேட்டவர்களைத்தான் பின்னாளில் கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்றார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கொண்டுபோய் விட்டதும் அந்தக் கார்தான்.

தீவுப்பகுதி வீதி ஒடுக்கமானது. எதிரே மினிபஸ் வந்தால் இடப்பக்கச் சில்லுகளைத் தாரிலிருந்து ஓரத்துக் கிரவல் மண்ணில் இறக்க வேண்டும். திரும்ப ஏறும்போது தாரின் விளிம்பு ரயரை அராவும். அதனால் அக்காவின் காரில் இடது முன் ரயரின் உள் ஓரம் மற்றவற்றுக்கு முன்னரே தேய்ந்துவிடும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அவர் முன் சில்லுகளைப் பின்னுக்கும், பின் சில்லுகளை இடம் வலம் மாற்றி முன்னுக்கும் போடுவார். ஜக்கு வைத்துக் காரைத் தூக்குபவர் பக்கத்து வீட்டு றீற்றா. கணவர் பிடிக்கும் மீனைச் சிறிய லொறியில் சந்தைக்கு ஓட்டிப் போகிறவர். நட்டுகளைக் கடைசியாக இறுக்கிப் பார்ப்பது அக்கா.

பிறகு புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்காக அவர் கொழும்பில் இருந்த மாதங்களில் கார் அசையவில்லை. வெயில் பட்ட பக்கத்து ரயர்களில் வெடிப்பு ஓடியிருந்தது. ஆடியில் அக்கா வீடு திரும்பியபோது, அடுத்த தைப்பொங்கல்வரை இருப்பது சந்தேகம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அக்கா கேட்டு வாங்கிய பதில் அது. கார் ஓட்டலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. மருந்து ஏற்றும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் ஓட்டலாம் என்றார் வைத்தியர்.

ரொறன்ரோவிலிருந்து அண்ணா வந்தார். எனக்கு அண்ணா, அக்காவுக்குத் தம்பி. அன்பினால் வந்தவர், அந்த அன்பினாலேயே காரை வாங்க ஓர் ஆளையும் பிடித்துவிட்டார். ஆள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை சில்லுகள் இல்லாமல் கார் கல்லின் மேல் நிற்பதைக் கண்ட அண்ணா, அக்கா ஓட்டுவதை விட்டு விற்க இசைந்துவிட்டார் என்று நினைத்தார். மத்தியானம் றீற்றாவின் லொறி வந்து நின்றது. நான்கு சில்லுகளிலும் புது ரயர் பூட்டியிருந்தது.

"விக்கப் போற காருக்கு ஏன் அக்கா புது ரயர்?"

"விக்கப் போறது நீர். ஓடப் போறது நான்."

கோபம் வந்தால் மட்டுமே அக்கா எங்களை 'நீர்' என்பார்.

"இந்த ரயர் எத்தினை வருசம் பாவிக்கும் எண்டு தெரியுமோ..." என்று தொடங்கிய அண்ணா நிறுத்திக்கொண்டார்.

"சொல்ல வந்ததைச் சொல்லி முடியும். எனக்குத் தேவையில்லாத அளவுக்குப் பாவிக்கும், அதுதானே? மொட்டை ரயரில போய்ச் சாகிறதெண்டால் எனக்கு இந்தப் புத்துநோய் வந்திருக்கத் தேவையில்லை. அதுக்குப் பண்ணைப் பாலமே காணும்."

றீற்றா நட்டை இறுக்கியபடி சொன்னார்: "பஸ்காரனுக்கு இறங்கி இறங்கித்தான் அக்கா பழைய ரயர் அப்பிடித் தேஞ்சது."

"இனி நான் இறங்கமாட்டன். அவன் இறங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் காரைச் சுற்றிப் பார்த்து, ரயரைக் காலால் அழுத்தினார். முற்றத்தில் கதிரை போட்டு இருந்த அக்கா சொன்னார்: "ரயர் மட்டும்தான் தம்பி புதுசு. காரும் பழசு, நானும் பழசு. ரெண்டும் விக்கிறதுக்கில்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

அண்ணா தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்விட்டார்.

பொங்கலன்று அக்கா தாமே காரை ஓட்டிக் கோயிலுக்குப் போனார். சித்திரையில் புது ரயர்களை முதன்முறையாக மாற்றிப் போடும் தவணை வந்தது. றீற்றா தூக்கிய இடது முன் சில்லை நான் குனிந்து பார்த்தேன். வெளி ஓரமும் உள் ஓரமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. பஸ்கள் இறங்கியிருக்கின்றன.

ரொறன்ரோ திரும்பியிருந்த அண்ணாவுக்கு வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லி, அக்கா, கைபேசியை ரயருக்குக் கிட்டப் பிடித்தார்.

"வடிவாப் பார் தம்பி. தேஞ்சிருக்கு."

அண்ணா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "ஓம் அக்கா, தேஞ்சுதான் இருக்கு" என்றார்.

ஆவணியில் கையில் பலம் குறைந்ததும், ஒருவரும் கேட்காமலே கார்த் திறப்பை றீற்றாவிடம் கொடுத்தார். புரட்டாதியில், காலை வேளையில், தமது கட்டிலில் காலமானார்.

நாங்கள் கடமைப்பட்டவர்கள் பலர். கேட்டதற்கு உண்மையைச் சொன்ன வைத்தியருக்கும், தாதியருக்கும், செத்தவீட்டின் பாரத்தைத் தாங்கிய அயலவர்களுக்கும், றீற்றாவுக்கும் அவர் கணவருக்கும், இந்த நினைவுக் குறிப்பில் ஒரு வரியையும் வெட்டச் சொல்லாத அண்ணாவுக்கும், தேநீர் குடித்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போன அந்த மனிதருக்கும் எங்கள் நன்றி.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் காரின் விலையையும் விசாரித்தார்கள். கார் விற்பனைக்கு இல்லை. கிளினிக்குக்குப் போகவேண்டியவர்கள் முன்போலவே முதல்நாள் பின்னேரம் சொல்லிவைக்கலாம், றீற்றா ஓட்டுவார். ரயர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது முன்னவை பின்னுக்குப் போகும்.