பல வீட்டு அரிசி

எங்கள் மாதா கோயிலில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து, காணிக்கை நேரத்தில் பீடத்துக்குக் கீழே இருக்கும் அண்டாவில் கொட்டிவிட வேண்டும். பூசை முடிந்ததும் அந்த அண்டாவைப் பின்கட்டு அறைக்குத் தூக்கிப்போய், கஷ்டப்படுகிற வீடுகளுக்கு அளந்து கொடுக்கிற வேலை எனக்கும் ஒரு டீச்சருக்கும். தொண்ணூறுகளின் கடைசி அது. டீச்சருக்குப் பொறுமை அதிகம். நான் அதைக் கடையில் விற்றால்கூட வாங்கியிருக்க மாட்டேன்.

வாங்க வருகிறவர்களிடம் எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. வெஞ்சனத்துக்கு என்று கத்தரிக்காயோ முருங்கைக்காயோ சந்தையில் மீந்ததை யாராவது கொண்டுவந்து போடுவார்கள், அதிலும் ஒரு கூறு கொடுப்போம். அரிசியில்தான் வில்லங்கம். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் பச்சரிசி, முக்கால்வாசி வீட்டில் ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே அண்டாவில் விழுந்த பிறகு முறத்தால் பிரிக்க முடியுமா? வேக வைத்தால் பச்சரிசி கூழாகிவிடும், ரேஷன் குண்டரிசி விறைத்துக்கொண்டு நிற்கும். தட்டில் போட்டதும் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள், இது கோயில் அரிசி என்று. பசித்த வீட்டில் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண். அவள் கணவன் காய்கறிக் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவன். லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டான். மகள் எட்டாம் வகுப்பு, மகன் அதற்கும் சின்னவன். சில வாரங்கள் வந்து அரிசி வாங்கிப்போனவள் திடீரென்று நின்றுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன்.

"ஏத்தா, வீடு தேடி வந்து குடுத்தாத்தான் வாங்குவியா?"

"அந்த அரிசி வேணாங்க்கா," என்றாள் மெதுவாக. "வடமதுரையிலருந்து மாமியா வந்திருந்துச்சு. தட்டுல சோத்தப் பாத்ததும் கண்டுபிடிச்சிருச்சு. 'எம் மகன் பிள்ளைகளுக்குக் கோயில் சோறா போடுறே?'ன்னு கேட்டுட்டு, கை நனைக்காம போயிருச்சு. ரெண்டு வாரம் கழிச்சு வந்து பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகுதாம். பெரியவள அங்க மில்லுல சேத்துவிடுமாம்."

படுத்திருந்தவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மகள் வகுப்பில் நன்றாகப் படிக்கிறவள் என்று டீச்சர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தட்டில் கிடக்கிற சோற்றைப் பார்த்து ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவார்களா என்று வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு பீடத்துக்குக் கீழே மூன்று அண்டா வைத்தோம். பொன்னிக்கு ஒன்று, பச்சரிசிக்கு ஒன்று, ரேஷனுக்கு ஒன்று. யோசனை என்னுடையதுதான், அதில் எனக்குப் பெருமை வேறு. பூசை முடிந்து பார்த்தால் ரேஷன் அண்டாவில் அடிகூட மறையவில்லை. வழக்கமாக முதல் ஆளாக வருகிற பெண்களெல்லாம் டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னார். "ஒண்ணா விழுந்தப்ப யாரு என்ன போட்டாங்கன்னு தெரியல. இப்ப அம்புட்டுப் பேரு முன்னாடி ரேஷன் அண்டாகிட்டப் போயி நிக்கணும்ல? யாரு நிப்பா?"

வாங்குகிறவளின் மானத்தைக் காப்பாற்றப் போய், கொடுக்கிறவர்களின் மானத்தைச் சந்தியில் நிறுத்தியிருந்தேன். அடுத்த வாரம் அண்டாக்களையே எடுத்துவிட்டோம். டப்பாவைப் பின்கட்டு அறையில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு நாங்களே பிரித்துக் கொட்டினோம். ரேஷன் அரிசி பழையபடி வந்தது.

பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வேண்டிய அரிசியை நானே எடுத்தேன். வசதியான வீடு ஒன்றிலிருந்து வந்த பழைய பொன்னி, சோறு உதிரி உதிரியாக வரும். செய்வதைத் திருந்தச் செய்வோம் என்ற எண்ணம்தான். அன்று மதியமே மாமியார் வருவதாக இருந்ததால், அரிசியைக் கொண்டுபோனவள் சமையலுக்கு ஒத்தாசையாக அங்கேயே இருந்துவிட்டேன்.

மாமியார் வந்தார். மகனின் தலைமாட்டில் செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிட வந்தார். தட்டில் சோறு விழுந்ததும் இரண்டு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு மருமகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இம்புட்டு ஒசத்தி அரிசி ஒனக்கு ஏது? புருசன் படுத்துக் கெடக்கான். யாரு வாங்கிக் குடுக்குறா?"

அவர் என்ன கேட்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்கதான் குடுத்தோம். இதுவும் கோயில் அரிசிதான். கலந்து கெடந்தா நீங்க கை நனைக்க மாட்டீங்கன்னு பிரிச்சுக் கொண்டாந்தோம். அன்னைக்கு அந்தச் சோறு ஆகல. இன்னைக்கு நல்ல சோறு போட்டா இப்படிக் கேக்குறீங்க. இவ என்னதான் பண்ணணும்?"

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் சண்டை போடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானுந்தான் எங்கூருக் கோயிலுக்குப் பிடி அரிசி போடுறேன்," என்றார். "ஒரு நா தவறுனதில்ல. யாரோ இல்லாதவுக திங்கட்டும்னுதான் போட்டேன். அந்த வரிசையில எம் பேரப்பிள்ளைக நிக்கும்னு நெனக்கலியே தாயி."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். கதவோரம் நின்ற பேத்தியை அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்காமலே, "இவளுக்கும் போடு," என்றார். தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவர் தனியாகத்தான் போனார்.