பூஜையில் வைத்த லாரி போன்

தார்ப்பாயை முகர்ந்து பார்த்தே வண்டி எந்த ஊரிலிருந்து திரும்பியிருக்கிறது என்று என் மகள் சொல்லிவிடுவாள். அப்போது அவளுக்கு ஐந்தாறு வயது இருக்கும். வாசலில் தார்ப்பாயை விரித்துப் போட்டதும் ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். தும்மல் வந்தால் குண்டூர், மிளகாய் மூட்டை. வெங்காயச் சருகு ஒட்டியிருந்தால் கர்நாடகா. ஈர மரமும் பசையும் கலந்த நெடி என்றால் கேரளா, பிளைவுட். வெறும் டீசல் வாசனை மட்டும் அடித்தால் வண்டி காலியாக வந்திருக்கிறது. அன்றைக்கு அவள் அப்பாவிடம் நாங்கள் யாரும் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து போவதற்கு லோடு கிடைப்பது பெரிய விஷயமில்லை. சுற்றிலும் அரிசி ஆலைகள், கரும்பு, மக்காச்சோளம். போன இடத்திலிருந்து திரும்புவதற்குத்தான் நாய்ப்பாடு. காலி வண்டியும் அதே டீசலைத்தான் குடிக்கிறது. "நாலு சக்கரம் சும்மா உருண்டா எனக்கு நெஞ்சு வலிக்குது" என்பார் என் கணவர். எங்கள் வண்டிக்கு ஆறு சக்கரம். அதைச் சொல்லி நான் சிரித்தால் கோபம் இன்னும் ஜாஸ்தியாகும்.

முதல் வண்டி வாங்கியபோது எங்களிடம் தமிழ்நாட்டுக்குள் ஓட்டும் பெர்மிட் மட்டும்தான் இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைமேல் ஏறி, மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்குவோம். மலைக்குத் திரும்பும்போது சிமெண்ட்டோ உர மூட்டையோ கிடைக்கும். அந்தக் கிழங்கு நடையில்தான் எங்கள் டிரைவர் எங்களுக்குக் கிடைத்தார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரர். சாமையும் கிழங்கும் போடும் குடும்பம். மலைவளைவில் வண்டியை அவர் திருப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் கணவர், அன்றே சாவியைக் கொடுத்துவிட்டார். என் கணவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார். மகளுக்கு அவர் சித்தப்பா.

இரண்டு வருஷம் கழித்து நேஷனல் பெர்மிட் எடுத்தோம். அதை எடுத்தால்தான் வண்டி வேறு மாநிலங்களுக்குள் போய்வர முடியும். வருஷா வருஷம் அந்த அனுமதியைப் புதுப்பிக்கவும் வேண்டும். பெயிண்டர் வந்து லாரி நெற்றியில் ஆங்கிலத்தில் 'நேஷனல் பெர்மிட்' என்று எழுதியதை நாங்கள் குடும்பமாக நின்று பார்த்தோம். மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். மகள் ஆங்கில எழுத்துகளை முதலில் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்த நெற்றியில்தான். ரொம்ப நாள் வரைக்கும் அவளுக்கு அகரவரிசை 'என்'னில்தான் ஆரம்பித்தது.

நான் பி.ஏ. வரலாறு. படித்த படிப்புக்கு ஒரு வேலையும் கிடைக்காமல் வீட்டிலிருந்தே லோடு தேட ஆரம்பித்தேன். வண்டி எர்ணாகுளத்தில் இறக்கிவிட்டு நிற்கும். டிரைவர் பூத்திலிருந்து போன் செய்து, "அண்ணி, காலியாயிட்டேன்" என்பார். நான் டைரியைப் பிரித்து ஒவ்வொரு புக்கிங் ஆபீசாகக் கூப்பிடுவேன். பொம்பளை குரல் கேட்டதும் முதலில் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். திரும்பக் கூப்பிட்டு வண்டி நம்பர், டன், பெர்மிட் எல்லாம் கடகடவென்று சொன்னால் மறுமுனையில் ஒரு கனைப்பு கேட்கும். போகப்போக 'லோடு அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. தியாகதுருகத்துப் புரோக்கர் ஒருவர் சமீபத்தில்கூடப் போனில் சொன்னார். "யக்கா, வண்டிக்கு லோடு தேடற சுறுசுறுப்புல பாதி மாப்ள தேடறதுல காட்டியிருந்தா, இந்நேரம் பொண்ணுக்கு ரெண்டு புள்ள இருக்கும்." மாப்பிள்ளை காலியாகத் திரும்பினால் யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

தரைவழி போன் போய், கறுப்பு நிறத்தில் ஒரு பட்டன் போன் வந்தது. லாரி போன் என்று அதற்குப் பெயர். அதன் நம்பர்தான் இப்போது எங்களிடம் இருக்கும் மூன்று வண்டிகளின் பின்கதவிலும் எழுதியிருக்கிறது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவிலும் இருக்கிறது. எல்லோரும் தொடுதிரை போனுக்கு மாறிய பிறகும் அது சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. சாப்பாட்டுக்கு நடுவில், குளியலுக்கு நடுவில், சண்டைக்கு நடுவில் அடிக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அடிக்காது.

ஆயுத பூஜை அன்று மூன்று வண்டிகளும் வீட்டுக்கு வந்துவிடும். கழுவி, இருபக்கமும் வாழை கட்டி, சந்தனம் வைத்து, பூசணி உடைப்போம். வீட்டுக்குள் பலகை போட்டு ஸ்பேனர், ஜாக்கி, ஆர்.சி. புத்தகங்கள், என் டைரி, எல்லாவற்றோடும் லாரி போனையும் வைத்துவிடுவோம். அடித்தால் யாராவது கை நீட்டிவிடுவோம் என்று அணைத்துத்தான் வைப்பேன். மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டிய பிறகுதான் எதையும் தொடுவது. புரோக்கர்களின் போன்களும் அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பலகையில்தான் கிடக்கும். அந்த ஒரு நாள் என் கணவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பார். பொரி, சுண்டல் தின்றுகொண்டு, லோடு என்ற வார்த்தையே இல்லாமல் பேசிக்கொண்டிருப்போம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்களுக்கென்று இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அந்த நாட்களைத்தான் எண்ணுவேன்.

போன ஆயுத பூஜைக்கு இரண்டு வண்டிகள்தான் வந்தன.

மகள் படிப்பு முடித்து எங்களோடு சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. பெர்மிட், வரி, வண்டித் தகுதிக்கான எஃப்.சி. சான்று எல்லாம் அவளே கம்ப்யூட்டரில் முடித்துவிடுவாள். புரோக்கர் வழியாக இல்லாமல் கேரளாவில் ஒரு பிளைவுட் ஆலையோடு நேராகப் பேசி, மாதாமாதம் திரும்பும் லோடு நமக்கே வருகிற மாதிரி செய்யவேண்டும் என்பது அவள் கனவு. பெரும்பாவூர்ப் பக்கம் ஒரு முதலாளி பேச்சுக்கு ஒத்துக்கொண்டார். முதல் லோடை நேரில் நின்று ஏற்றிப் பார்க்க ரயிலில் கிளம்பினாள். திரும்புவது நம் வண்டியில், சித்தப்பாவோடு. நான் வேண்டாம் என்றேன். அவள் அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "நீ லோடு தேடக்குள்ள நான் வேணாம்னு சொன்னனா?" என்று கேட்டார். அவள் பையில் ஒரு போர்வையை எடுத்து வைத்தேன்.

பூஜையன்று பிற்பகல் என் சொந்த போனுக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. லோடு ஏறிக்கொண்டிருக்கிறது, முடிய இருட்டிவிடும். பாப்பா வண்டியில் இருக்கும்போது ராத்திரி ஓட்டமாட்டேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார், விடியற்காலை கிளம்புகிறோம் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அந்த வண்டியின் வருஷ அனுமதி இன்றோடு முடிகிறது. கிளம்பும் முன்பே புதுப்பிக்க முயன்றாள், இரண்டு நாளாக இணையதளம் திறக்கவில்லை. இப்போது திறந்திருக்கிறது. ஆனால் ஓ.டி.பி. லாரி போனுக்குத்தான் வரும்.

"அம்மா, போனை ஆன் பண்ணி நம்பரைச் சொல்லேன்."

"அது பூஜையில இருக்கு."

"தெரியும்மா. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன், அப்பாகிட்ட கேக்கல."

நாளைக் காலை கற்பூரம் காட்டியதும் சொல்கிறேன், அதுவரை வண்டியை எடுக்காதே என்றேன். விடியற்காலை கிளம்பாவிட்டால் சொன்ன நேரத்துக்குச் சரக்கு இறங்காது, முதல் லோடிலேயே பேர் கெட்டுவிடும் என்றாள். அனுமதி இல்லாமல் கிளம்பிவிடுவாளோ என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. அனுமதி முடிந்த வண்டிக்கு வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். இருபது வருஷமாக டிரைவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

கணவர் வெளியே வண்டிக்குப் பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். போனின் நெற்றியில் நான் காலையில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இத்தனை வருஷம் அந்தப் பலகையிலிருந்து ஒரு ஸ்பேனரைக்கூட நாங்கள் முன்னால் எடுத்ததில்லை. நான் படித்தவள்தான். ஆனால் மூன்று வண்டிகளும் அத்தனை ஆட்களும் இதுநாள்வரை பழுதில்லாமல் திரும்பி வந்ததற்கு நான் பெர்மிட்டை மட்டும் காரணமாக நினைத்ததில்லை.

எடுத்தேன். பட்டனை அழுத்தியதும் விளக்கு எரிந்தது, அணைத்து வைத்த பிறகு வந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று முந்தானையில் சுற்றிக்கொண்டேன். மகளைக் கூப்பிட்டேன். ஓ.டி.பி. வந்தது. படித்தேன். "ஓகேம்மா, வந்துடுச்சி" என்றாள். போனை அணைத்து, அதே இடத்தில் வைத்து, புதுச் சந்தனம் தொட்டுவைத்தேன்.

மறுநாள் காலை கற்பூரத் தட்டு என் கையில் இருக்கும்போது என் சொந்த போன் அடித்தது.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். அதை மொதல்ல கேட்டுக்கோ."

பாலக்காட்டுக்கு முன்னால், மழை. ஒரு கார் குறுக்கே வெட்டித் திரும்பியிருக்கிறது. அதன்மேல் மோதாமல் இருக்க டிரைவர் வண்டியை இடதுபக்கம் ஒடித்தார். வண்டி பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. இவளுக்குப் புருவத்துக்கு மேலே தையல். காரில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கற்பூரம் அணைந்துவிட்டது. எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே வாக்கியம்தான். எடுத்துவிட்டேன், அதனால்தான்.

வாசலில் நின்ற ஒரு வண்டியின் பூமாலையைக்கூடக் கழற்றாமல் என் கணவர் அதில் ஏறினார். இருபக்கமும் கட்டியிருந்த வாழை வழியெல்லாம் கிழிந்துகொண்டே வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். சேலம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னால் ஒன்றுமில்லை. இந்த மனுஷன் வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு போன்கூடப் போடாமல், முந்நூறு கிலோமீட்டருக்குமேல் வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு போகிறார். எங்கள் முதுகுக்குப் பின்னால் வண்டியின் வெறும் பலகைகள் மேடு பள்ளத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தன.

ஈரோடு கிட்டே ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தவரிடம், என்னால் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"நான் போனை எடுத்துட்டேங்க."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பாப்பா எங்கிட்டயும் பேசுச்சி. அனுமதி முடியுதுன்னு மட்டும் சொல்லிச்சி. வெளக்குக்கு எண்ண ஊத்தற மாதிரி உள்ள வந்து, நானே எடுத்துடலாம்னு தொட்டேன். போனு சூடா இருந்துச்சி." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நீ எடுக்கலன்னா நான் எடுத்திருப்பேன். வா, ஏறு."

ஆஸ்பத்திரியில் டிரைவர் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணி, காலியாயிட்டேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன். மகள் நெற்றிக் கட்டோடு இன்சூரன்ஸ் ஆளிடம் ஒவ்வொரு காகிதமாகத் தன் போனில் காட்டிக்கொண்டிருந்தாள். பெர்மிட், எஃப்.சி., புதுப்பித்த அனுமதி. அவர் தேதியையும் நேரத்தையும் படித்துவிட்டுத் தலையாட்டினார். டிரைவரின் வைத்தியத்துக்குத் தடையில்லை என்பது அந்தத் தலையாட்டலில்தான் இருந்தது. அப்போதும் என் நெஞ்சுக்குள் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது. எடுக்காமல் இருந்திருந்தால் அவள் கிளம்பியிருக்க மாட்டாளோ? அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

நனையாத பிளைவுட்டை எங்கள் காலி வண்டியில் மாற்றி ஏற்றிக்கொண்டு வந்தோம். சரக்கு ஒரு நாள் தாமதம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் தார்ப்பாயை விரித்தபோது அதே ஈர மரமும் பசையும் கலந்த நெடி. மகள் திண்டாடித் திண்டாடிக் குனிந்து, தையல் இழுக்க, அதை முகர்ந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் நிமிர்ந்து போய்விட்டாள்.

இன்றும் விடியற்காலையில் என் போன் அடித்தால், எடுத்ததும் நல்லா இருக்கியா என்றுதான் முதலில் கேட்கிறேன். டிரைவர் மலையில் தன் வீட்டில் இருக்கிறார். தோள் கூடிவிட்டது, அடுத்த மாதம் வருகிறேன் என்கிறார். போன வாரம் ஆலை முதலாளி அடுத்த லோடுக்குக் கூப்பிட்டார். மகள் என்னிடம் வந்து நின்றாள். போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வேலை முடித்துவிட்டுப் போ என்றேன். மூன்று வண்டிகளின் பதிவிலும் என் லாரி போன் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைப் போடச் சொன்னேன். எந்த ஊரில் எந்த நாளில் நின்றாலும் அவளுக்கு வேண்டியது அவள் கைக்கே வரட்டும்.

அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செய்தோம். நம்பரை மாற்றவும் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. வரும் என்றாள். வந்தது. ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன், அவள் தட்டிக்கொண்டே வந்தாள். கடைசி எண்ணில் நிறுத்திக்கொண்டேன்.

"ம்மா, டைம் முடிஞ்சிடும்" என்றாள்.

சொன்னேன்.