பதிமூணு பிள்ளைகளுக்குத் துணைக்குப் போனவள்

துணைக்குப் போகிற வேலைக்குப் படிப்பும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், கழுத்தில் தாலி இருந்தால் போதும்.

பலாங்கொடையிலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸுக்குக் கடைசி ஹோல்ட் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே ஜோ மிஸ் என்று ஒரு வெள்ளைக்கார மிஸ் வந்து, பதிமூணு பேர் ஆடுகிற ரக்பியைப் பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பழக்கப் போகிறேன் என்றார். கல்யாணமான பொம்பளை ஒருத்தி கூடப் போனால்தான் அனுப்புவோம் என்று லயத்து வீடுகளில் இருக்கிற சனம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது. மற்றப் பொம்பளைகள் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். கைப்பிள்ளையோடு வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குகிற என்னைக் கொண்டுபோய்ப் பதிமூணு பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர்கள் ஆடுகிற சட்டைகளைத் துவைத்து வைப்பதும் என் வேலை. அடுத்தவர் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்ப ஒப்படைத்த அக்காமார் இதை வாசித்தால், அது என்ன பாடு என்று அவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

அந்தப் பதிமூணு பேரில் ஒருத்தி என் வீட்டுக்காரரின் தங்கச்சி கவிதா. ஏழாம் நம்பர் சட்டை அவளுடையது. வெளிநாட்டு டீம் ஒன்று இங்கே வந்து நம்மோடு ஆடும் என்று ஜோ மிஸ் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. "அந்த ஒரு ஆட்டம் ஆடிட்டேன்னா போதும் அண்ணி, அப்புறம் என்னைய எங்க வேணா அனுப்புங்க."

மிச்ச ரெண்டு பேர்

எங்கள் தோட்டத்து கிரவுண்ட் சரிவில் இருக்கிறது. பந்தை உதைத்தால் அது தேயிலைக்குள் போய்விடும். தேடிப் போனவள் பந்தோடும் காலில் நாலு அட்டையோடும் வருவாள். டவுன் கிரவுண்டைக் கேட்டுப் பார்ப்போம் என்று கவிதாவும் நானும் போனோம். கிரவுண்டைப் பார்த்துக்கொள்கிற ஐயா சிங்களவர், நல்ல மனுசன். உட்காரச் சொல்லி டீயும் கொடுத்தார். இது வேற மாதிரி ரக்பி, ஆறு தடவை பிடிபட்டால் பந்தைக் கொடுத்துவிடணும், ஒரு பக்கம் பதிமூணு பேர் என்று கவிதா சிங்களத்தில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். நான் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். ரக்பி என்றால் பதினஞ்சு பேர், அதுக்குத்தான் கிரவுண்ட் தருவோம் என்றார். அப்புறம் எங்கள் மேல் இரக்கப்பட்ட மாதிரி, மிச்ச ரெண்டு பேரும் எங்கே என்று கேட்டார்: "ஹரி நங்கி, இத்துரு தென்னா கோ?"

கால் பட்டால்

நம்ம கால் ஒருத்தர் மேல் பட்டுவிட்டால் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பிறந்ததிலிருந்து வருகிற பழக்கம். எங்கள் பிள்ளைகள் அதை ஆட்டத்திலும் விடவில்லை. ஓடுகிறவளைப் பிடித்து விழுத்துவாள், கால் பட்டிருக்கும், உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றுவாள். அதற்குள் விழுந்தவள் எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டிருப்பாள், வாங்கினவள் கோட்டுக்கே போயிருப்பாள். ஜோ மிஸ் முதலில் சிரித்தார். அப்புறம் விசில் ஊதினார். ஒரு மாசம் கழித்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் கவிதாதான் வழி கண்டுபிடித்தாள். எல்லாரையும் வட்டமாக நிறுத்திச் சொன்னாள்: "ஏய், இப்ப ஓடுங்கடி, ஆட்டம் முடிஞ்சதும் மொத்தமா கும்பிட்டுக்கலாம்."

மூஞ்சி

பிராக்டிஸ் நாளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிடணும். கீழ் லயத்து வசந்தியின் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வசந்தியின் கன்னத்தில் ஒரு சிராய்ப்பு. நான் கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற கவிதாதான், மலையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுகிறப்போ யாரும் மூஞ்சியைப் பார்க்கிறதில்லையே என்றாள். வசந்தியின் அம்மா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே கேட்டார்: "நாளைக்கு மூஞ்சி பேந்து நிக்கிறப்ப இவள யாரு கட்டுவா? ஜோ மிஸ் வந்து கட்டுவாங்களா?"

போன் பேசிய தமிழ்

வெளிநாட்டு டீம் வருகிறதாகச் சொன்ன மாசம் மழையோடு போனது. அடுத்ததாக ஒரு மாசம் சொன்னார்கள், அதுவும் போனது. ஒரு தடவை அவர்களுக்கு டிக்கெட்டுக்கு உதவி செய்கிறவர்கள் கையை விரித்துவிட்டார்களாம். இன்னொரு தடவை, அவர்கள் நாட்டிலும் இந்த ஆட்டத்துக்கு ஆள் குறைவு, டீம் சேரவில்லையாம். வெள்ளைக்காரர்கள் ஊரிலுமா இப்படி என்று எங்களுக்கு ஆச்சரியம்.

ஜோ மிஸ்ஸுக்குத் தமிழில் "வாங்க", "ஓடுங்க", "போதும்" மட்டும்தான் வரும். பெரிய விசயம் என்றால் போனில் பேசுவார், போன் தமிழில் திருப்பிச் சொல்லும். இரண்டாம் தடவை தள்ளிப்போனபோது பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மிஸ் கண் சிவந்து நின்றார். நியூஸ் வாசிக்கிற பெண்ணின் குரலில் போன் சொன்னது: "நான் மிகவும் வருந்துகிறேன். போட்டி மீண்டும் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து உற்சாகமாக இருங்கள்."

மாமியார் கேட்டது

எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் மாமியார் வீடு கட்டத் தொடங்கி, சுவர் இடுப்பளவில் நிற்கிறது. கவிதா குவைத்துக்குப் போய் வேலை செய்தால்தான் கூரை ஏறும் என்று பேசி முடித்தாகிவிட்டது. முதல் தடவை ஏஜென்சி கூப்பிட்டபோது காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை கூப்பிட்டபோது மாமியார் அடுப்படிக்கே வந்துவிட்டார். "நீதானே கூடப் போறவ. சொல்லு, அந்த வெளிநாட்டு ஆட்டம் இந்த மாசம் நிச்சயமா நடக்குமா?"

கவிதா கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடக்கும் மாமி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய்யென்றாலும் பரவாயில்லை, இன்னும் ஒரு மாசம் அவளுக்குக் கிடைத்திருக்கும். காய்ச்சலுக்கு வாயை மூடிக்கொள்ள முடிந்த எனக்கு இதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தெரியல மாமி" என்றேன்.

மாமியார் கோபப்படவில்லை. கவிதாவின் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் சொன்னார்: "தெரியாத ஒண்ணுக்கு எத்தன நாளைக்குத்தான்மா காத்துக்கிட்டிருப்ப?"

இரவல் பிள்ளை

கவிதா குவைத்துக்குப் போய் மூன்றாவது வாரம் வேன் வந்து நின்றது. வெளிநாட்டு டீம். நேரத்தோடு சொல்லக்கூட இல்லை, இரண்டு நாளைக்கு முன்தான் மிஸ்ஸுக்கே தெரியும். அவளுக்குப் பதிலாக ஒருத்தியைத் தேடினோம், எந்த வீட்டிலும் விடவில்லை. சரிவு கிரவுண்டில் நம் பக்கம் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர்களுடைய கேப்டன் எண்ணிப் பார்த்துவிட்டு, தங்கள் ஆட்களில் உபரியாக இருந்த ஒரு பிள்ளையை நம் பக்கம் அனுப்பினாள். நெட்டைப் பிள்ளை, முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. அவளுக்குச் சட்டை வேண்டும்.

ஏழாம் நம்பர் சட்டை என் பையில்தான் இருந்தது. துவைத்து, மகனின் துணிகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இது யாருடையது என்று சொல்ல ஆசை. இங்கிலீஷ் வரவில்லை. தமிழே வராதவளுக்கு இங்கிலீஷ் எங்கே வரும்? கவிதாவுக்குச் செய்கிற மாதிரி முதுகுப் பக்கம் சுருண்டிருந்ததை இழுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

தோற்றோம். அவர்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் போட்ட ட்ரைக்குக் கணக்கில்லை. நாங்கள் போட்டது ஒன்று, அதையும் அந்த நெட்டைப் பிள்ளைதான் போட்டாள். முடிந்ததும் நம் பிள்ளைகள் வரிசையாகப் போய் ஒவ்வொருத்தரையும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர்களும் குனிந்து குனிந்து செய்தார்கள். மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த வசந்தி கேட்டாள்: "அப்ப நம்ம போட்ட ஒண்ணும் அவங்களோடதுதானாக்கா?"

சட்டை துவைத்தது

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் கவிதாவுக்குப் போன் பேச விடுவார்கள். ஆட்டத்தின் படம் அனுப்பியிருந்தேன். அழுவாள் என்று பயந்து, மகனைத் தூக்கி முன்னால் காட்டிக்கொண்டே பேசினேன். அவள் அழவில்லை. யார் யார் எப்படி ஆடினார்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். மொத்தமாகக் கும்பிட்டதைச் சொன்னதும் சிரித்தாள். "அந்தப் புள்ளைக்கு என் சட்டை பத்துச்சா அண்ணி?" என்றாள். கொஞ்சம் இறுக்கம் என்றேன். "ஒரே சேறாயிருக்குமே?" ஆமாம், அன்றைக்கே ஊறப்போட்டு, சேறெல்லாம் போகத் தேய்த்து, வெள்ளையாக எடுத்துவிட்டேன், நீ வரும்வரை பத்திரமாக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். அப்புறம்தான் அவள் குரல் வந்தது: "தொவைக்காம வச்சிருந்திருக்கலாமே அண்ணி. அந்த மண்ணாவது என் சட்டையில இருந்திருக்கும்."

இந்த ஆட்டத்தை உலகம் பூராவும் கொண்டுபோகணும் என்று ஜோ மிஸ் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், நாங்களும் எங்கள் பங்குக்கு ஆடுகிற பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.