மூலையை விட்டு நகர்ந்த மின்ரயில்

சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய தெருவில் வசிக்கும் கெசியாவுக்கு நாற்பத்தெட்டு வயது. பகலில் தாம்பரத்துப் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியை. மாலையில், இதுவரை எவரும் போய்வராத கோள்களைத் தீட்டுபவள். அறிவியல் புனைகதை நூல்களின் அட்டைகளில் அவளுடைய படங்களைக் கண்டவர்கள் அவளது குறும்பொன்றை அறிவார்கள். மூன்று நிலவுகள் காயும் பாலையானாலும், சிறகு முளைத்த திமிங்கிலங்கள் நீந்தும் வானமானாலும், இடது கீழ்மூலையில் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு மின்ரயில் போய்க்கொண்டிருக்கும். தாம்பரம் – கடற்கரை வண்டி. அதுவே அவளது கையொப்பம்.

அதை வைப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். படம் முடிந்ததும் ஆறடி பின்னால் நகர்ந்து, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் முழுப்படத்தையும் பார்ப்பாள். ரயிலுக்குரிய இடம் புலப்படும். நேரே போய் அங்கே தீட்டிவிடுவாள். அளவுகோலைத் தொட்டதே இல்லை.

விற்ற படங்களை ஒன்றாகக் காணும் வாய்ப்பு சென்ற ஆகஸ்டில் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் கண்காட்சி. வாங்கியவர்களிடமிருந்து பதினெட்டுப் படங்களை இரவல் பெற்றிருந்தாள். சட்டமிட்டு மாட்டும் வேலை, திருமுடிவாக்கத்தில் அலுமினியப் பட்டறை வைத்திருக்கும் ஜெயவேலுவுடையது. படங்களின் பின்புறத்தில் எழுதியிருந்த ஆண்டைப் பார்த்து அவனாகவே வரிசையாக மாட்டியிருந்தான்.

“அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?” என்றான் ஏணியிலிருந்தபடி.

“கேளு.”

“உன் ரயிலு இன்னாக்கா, ஓரமா ஓடிகினு இருந்துச்சி, வர வர நடு ஊருக்கே வந்துகினு கீது? அடுத்த வருசம் நிலாவுல ஸ்டேஷன் கட்டிடுவியா?”

கெசியா சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

முதல் எட்டுப் படங்களில் ரயில் மூலையிலேயே இருந்தது. பிறகு ஒவ்வொரு படத்திலும் விரலளவு மேலேறி, விரலளவு வலப்புறம் ஒதுங்கி, கடைசிப் படத்தில் கோளின் அடிவயிற்றை எட்டியிருந்தது. அது விட்டுவந்த மூலையில் பாறையில்லை, புல்லில்லை, வெறும் பழுப்பு. அந்த வெறுமையைத் துணிச்சல் என்று ஒரு விமர்சகர் பத்திரிகையில் பாராட்டியிருந்தார். அந்தப் பத்திரிகையை அவள் பத்திரப்படுத்தியும் வைத்திருந்தாள். மூலையை வெறுமையாக விட வேண்டுமென்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆறடி தள்ளி வலக்கண்ணால் பார்க்கையில் அங்கே எல்லாம் நிறைந்திருப்பதாகவே அவளுக்குத் தெரிந்தது.

அம்மா ரத்தினபாயின் சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வந்தது. ஓர் ஓரத்துச் சோறு மட்டும் எப்போதும் மீந்திருக்கும். “அப்படியே வெச்சிட்டியேம்மா” என்றால், “எங்கடி? காலி பண்ணிட்டேனே” என்பார். கண்ணுக்குள் அழுத்தம் என்று தெரிந்தபோது முக்கால் பார்வை போயிருந்தது. பரம்பரையாக வரக்கூடியது, பிள்ளைகளும் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ள வேண்டுமென்று மருத்துவர் அன்றே எச்சரித்தார். கெசியா பதினோரு ஆண்டுகளாகப் போகவில்லை. போனால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

“இன்னாக்கா, மூஞ்சியே வெளுத்துப் போச்சு? நான் சும்மா கலாய்ச்சேன்கா!”

“இல்ல ஜெயவேலு. நீ சரியாத்தான் பார்த்திருக்க.”

மறுநாள் காலை, கண் மருத்துவமனையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, இடக்கண்ணை மூடிக் கட்டினார்கள். கையில் ஒரு பொத்தான். சோதனை செய்யும் பெண் ஹெப்சி பக்கத்தில் நின்றாள்.

“மேடம், நடுவுல இருக்கிற லைட்டையே பாருங்க. சுத்தி எங்க புள்ளி மின்னினாலும் அழுத்துங்க. கண்ணால தேடக் கூடாது.”

விண்மீன்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. வலப்புறம், மேலே, மறுபடி வலப்புறம். கருவி மெல்ல ‘டக்’கென்றது, விண்மீன் வரவில்லை. இன்னொரு ‘டக்’. அப்போதும் இல்லை. மூன்றாவது ஓசைக்கு அவள் எதையும் காணாமலே பொத்தானை அழுத்தினாள்.

“மேடம், இல்லாததுக்கு அழுத்தாதீங்க.”

கருவி அச்சிட்டுத் தந்த வலக்கண்ணின் பார்வைப் படத்தில், இடது கீழ்மூலை கறுத்திருந்தது. மருத்துவர் சத்யநாராயணன் அதன்மேல் பேனாவை வைத்தார்.

“போனது திரும்பாதும்மா. இடது கண்ணுல இப்பதான் ஆரம்பம். இருக்கிறதக் காப்பாத்தலாம். தினம் ஒரு சொட்டு, ஒரு நாள்கூட விடக் கூடாது.”

வீட்டில் முடிக்காத படமொன்று காத்திருந்தது. கெசியா முதன்முறையாக அளவுகோலை எடுத்தாள். இடது விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம், அடியிலிருந்து இரண்டு அங்குலம். அங்கே ரயிலைத் தீட்டினாள். ஆறடி பின்னால் போய், இடக்கண்ணை மூடி, கோளின் நடுவில் பார்வையை நிறுத்தினாள்.

ரயில் இல்லை. அந்த இடம் கறுத்தோ, துளை விழுந்தோ இருக்கவில்லை. தீட்டி முடித்த தரைபோலப் பழுப்பாக இருந்தது. அவள் தீட்டாத பழுப்பு.

சட்டென்று இடக்கண்ணைத் திறந்தாள். ஈரம் காயாத ரயில் அதே இடத்தில் நின்றது. மறுபடி மூடிப் பார்க்க மனம் துணியவில்லை. பையிலிருந்து மருந்துச் சீசாவை எடுத்து மேசையின் இடப்பக்கத்தில் வைத்தவள், ஒரு கணம் தயங்கி, அதை வலப்பக்கத்துக்கு நகர்த்தினாள்.